தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? கனடாவின் ஒரு மானியத்தின் வரலாறு

எழுபதுகளில் ஓர் இளம் செய்தியாளனாக மலையகத் தோட்டங்களுக்குச் சென்றபோதுதான் 'பிள்ளைக் காம்பரா' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டிடம் அது. தொழிலாளர் நலனில் தோட்ட நிர்வாகம் கொண்ட அக்கறைக்கு அது சான்று என்று எழுதத்தான் எண்ணியிருந்தேன். என்னை அழைத்துச் சென்ற முதிய தொழிற்சங்கவாதி சிரித்தார். "தம்பி, வேலை இல்லாத நாளுல இதப் பூட்டிப்புடுவாங்க" என்றார்.

அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்குப் புரிந்தது பல ஆண்டுகள் கழித்து, கனடாவில்.

2009ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரு நகரில் என் தமக்கையின் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுக்குப் பகலில் வேலை, கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மூன்று வயது மகனை வாசற்படியில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொள்வார்கள். தாதியர் பயிற்சியில் சேரவேண்டும் என்பது அவளது ஆசை. பகற்பராமரிப்பு நிலையத்தின் மாதக் கட்டணமோ வீட்டு வாடகையை எட்டிப் பிடிப்பதாக இருந்தது. "மானியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறன் மாமா. லிஸ்ட்டில இருக்கிறம்" என்றாள். அந்தப் பட்டியலின் வரலாற்றைத் தேடத் தொடங்கிய நான், கடைசியில் ஒரு யுத்தத்தில் போய் நின்றேன்.

இரண்டாம் உலக யுத்தம் உச்சத்திலிருந்த 1942ஆம் ஆண்டு. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். எனவே கனடாவின் சமஷ்டி அரசு மாகாணங்களுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. பகற்பராமரிப்பு நிலையங்களின் செலவில் பாதியைத் தான் ஏற்பதாகவும் மறுபாதியை மாகாணம் ஏற்கவேண்டும் என்றும் அது கூறியது. இத்திட்டத்தின் கீழ் நிலையங்களை நடத்தியவை ஒன்ராறியோவும் கியூபெக்கும் மட்டுமே. இடங்களில் பெரும்பகுதி யுத்தத் தொழில்களில் ஈடுபட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

யுத்தம் முடிந்தது. கியூபெக் தன் நிலையங்களை 1945ஆம் ஆண்டிலேயே மூடியது. 1946ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சமஷ்டி அரசின் பணமும் நின்றது. ஆண்கள் திரும்பிவிட்டார்கள், இனித் தாய்மார் வீட்டுக்குப் போகலாம் என்பதே அதன் பொருள். பிள்ளைகள் வளர்ந்துவிடவில்லை. வறுமையும் தீர்ந்துவிடவில்லை. வேலை முடிந்ததால் காம்பரா பூட்டப்பட்டது.

ஆயினும் ரொறன்ரோவின் தாய்மார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். அதே ஆண்டில் ஒன்ராறியோ பகற்பராமரிப்பு நிலையங்களுக்கென ஒரு சட்டத்தை இயற்றியது. கனடாவில் இவ்வகையான முதற் சட்டம் அதுவே. நகரசபைகள் நடத்தும் நிலையங்களின் செலவில் பாதியை மாகாணம் ஏற்க அது வழிசெய்தது. பல நிலையங்கள் மூடப்பட்டபோதிலும் முழுவதும் அழிந்துவிடாமல் காத்தது அந்தப் போராட்டம்தான்.

அடுத்த திருப்பம் 1966ஆம் ஆண்டின் கனடா உதவித் திட்டம். வறியவர்களுக்கும் வறுமையில் விழக்கூடியவர்களுக்கும் மாகாணங்கள் செய்யும் செலவில் பாதியைச் சமஷ்டி அரசு ஈடுசெய்தது. சிறுவர் பராமரிப்பும் அதில் அடங்கியது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான கட்டண மானியம் நாடெங்கும் பரவியது இதன் பின்னரே. ஆனால் இந்தப் பணம் வறுமை நிவாரணத்தின் பெயரில் வந்தது. பள்ளிக்கூடத்தைப் போலப் பிள்ளைக்கு உரிய ஒன்றாக அது கருதப்படவில்லை. 1970ஆம் ஆண்டு, புளோரன்ஸ் பேர்ட் தலைமையிலான பெண்களின் நிலை பற்றிய ஆணைக்குழு நாடு முழுமைக்குமான ஒரு பகற்பராமரிப்புச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நிறைவேற அரை நூற்றாண்டு சென்றது.

மானியம் இயங்கும் முறையை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஒன்ராறியோவில் 2007ஆம் ஆண்டு முதல் வருமானத்தை அளவுகோலாகக் கொண்ட ஒரு கணக்கு நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 20,000 டொலர் வரை உள்ள குடும்பம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் 40,000 வரையான தொகையில் 10 வீதத்தையும், 40,000க்கு மேற்பட்ட தொகையில் 30 வீதத்தையும் செலுத்தவேண்டியிருந்தது. அதாவது 30,000 டொலர் உழைக்கும் குடும்பத்தின் பங்கு ஆண்டுக்கு 1,000 டொலராக இருந்தது. 50,000 உழைத்தால் 5,000 டொலர். மீதியை அரசு நேரே நிலையத்துக்குக் கொடுத்துவிடும். பெற்றோர் வேலை செய்யவேண்டும் அல்லது படிக்கவேண்டும். பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ விசேட தேவை இருந்தாலும் தகுதி உண்டு.

தாளில் பார்த்தால் இது நியாயமான கணக்குத்தான். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தகுதி இருப்பதால் மட்டும் மானியம் கிடைத்துவிடாது. மானியத்துக்கென ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். மானியம் கிடைத்தாலும் நிலையத்தில் இடம் இருக்கவேண்டும், அது இன்னொரு பட்டியல். வேலை கிடைத்தால்தான் மானியம். பிள்ளையை விட இடம் கிடைத்தால்தான் வேலை. அக்காலத்தில் எம்மவர் பலர் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பது யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவை வரவழைத்தார்கள். குளிர்காலம் முழுவதும் அடுக்குமாடி ஜன்னலருகே பேரப்பிள்ளையோடு இருந்த அந்த முதிய பெண்களின் உழைப்பு எந்த அரசின் கணக்கிலும் ஏறவில்லை.

கியூபெக் மாகாணம் கேள்வியையே மாற்றிக் கேட்டது. 1997ஆம் ஆண்டு, அமைச்சர் போலின் மறுவாவின் முயற்சியில், வருமானம் எதுவாயினும் நாளொன்றுக்கு 5 டொலர் என்ற திட்டம் தொடங்கியது. நான்கு வயதுப் பிள்ளைகளுடன் ஆரம்பித்து 2000ஆம் ஆண்டளவில் இளம் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. இதனால் 2008ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 70,000 தாய்மார் கூடுதலாக வேலைக்கு வந்தனர் என்று பொருளியலாளர் பியர் போர்த்தினும் அவரது சகாக்களும் கணித்தனர். குறைகளும் இருந்தன. இடங்கள் போதவில்லை. தரமான நிலையங்களில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே அதிகமாக இடம்பிடித்தனர். எல்லோருக்கும் பொதுவான திட்டத்திலும் ஏழையின் பிள்ளை கடைசியில் நிற்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

ஏனைய மாகாணங்களின் நிலை தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. 2005ஆம் ஆண்டு பிரதமர் போல் மார்ட்டினின் அரசு பத்து மாகாணங்களுடனும் இணக்கம் கண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 5 பில்லியன் டொலர் என்பது திட்டம். 2006 ஜனவரித் தேர்தலில் ஆட்சி மாறியது. ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு அந்த உடன்பாடுகளை இரத்துச் செய்து, ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 100 டொலர் வழங்கியது. தெரிவு பெற்றோருடையது என்றார்கள். மாதம் 100 டொலருக்கு எந்த நிலையத்தைத் தெரிவுசெய்வது என்று என் மருமகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

2021 ஏப்ரலில், கொரோனாப் பேரிடர் தாய்மாரை வேலையிலிருந்து வீட்டுக்குத் தள்ளியிருந்த வேளையில், நிதியமைச்சர் கிறிஸ்டியா பிரீலாண்டின் வரவுசெலவுத் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 30 பில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. 2026ஆம் ஆண்டளவில் சராசரிக் கட்டணத்தை நாளொன்றுக்கு 10 டொலராக்குவது இலக்கு. ஒன்ராறியோ மாகாணங்களுள் கடைசியாக, 2022 மார்ச்சில் ஒப்பமிட்டது. திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் 2025 ஜனவரி முதல் நாட்கட்டணம் 22 டொலருக்கு மேற்படக்கூடாது என்றாகியது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் கட்டணம் குறைந்ததும் இடங்களுக்கான போட்டி கூடியது. 22 டொலரையும் செலுத்த முடியாத குடும்பத்துக்குப் பழைய மானியமே இன்னமும் துணை.

இந்த முறையும் தாய்மாரின் உழைப்பு வேண்டியிருந்தது என்பதே முதன்மையான வாதமாக இருந்தது. அதில் தவறில்லை. ஆனால் உழைப்பின் தேவையால் திறக்கப்பட்ட கதவு, அந்தத் தேவை குறையும்போது மூடப்படும் என்பதை 1946ஆம் ஆண்டு காட்டியது. பள்ளிக்கூடத்தை அப்படி எவரும் மூடத் துணிவதில்லை. ஏனெனில் அது பிள்ளையின் உரிமை என்று நாம் நம்புகிறோம். உரிமை என்றாகும்வரை மானியம் எவ்வளவு பெருகினாலும் அது இரவல்தான்.

மருமகளுக்கு அந்தக் கடிதம் ஒரு நாள் வந்தது. மானியம் கிடைத்திருந்தது. அதற்குள் மகன் பாலர் வகுப்பில் சேர்ந்துவிட்டான். இன்று அவன் பல்கலைக்கழக மாணவன். தாதியர் பயிற்சியைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் அவள் எறியவில்லை. மகனின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் அது இன்னமும் இருக்கிறது.