ஒன்றரை பார் காற்று: வடசென்னை லாரித் தொழிலில் ஒரு ஹோஸின் வரலாறு

இன்ஜினுக்குப் போகும் அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றுபோவதை வடசென்னை லாரித் தொழிலில் யாரும் பெரிய பழுதாகக் கணக்கில் வைப்பதில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், வண்டி இழுவை இழக்கும், புகைக்குழாய் கறுப்பாகக் கக்கும். ஓட்டுநர் ஓரங்கட்டி, கேபினைச் சாய்த்து, ஹோஸைப் பைப்பில் மறுபடி மாட்டி, கிளாம்ப்பை முன்னைவிடப் பலமாகத் திருகிவிட்டுக் கிளம்புவார். சில நாள் கழித்து அதே வாயில் அது மறுபடியும் கழலும். இறுக்கினால் நிற்கும் என்ற நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் அது நியாயமல்ல. எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய இன்ஜின்களில் அந்த நம்பிக்கை நன்றாகவே பலித்தது. பிறகு இன்ஜினின் இயல்பு மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. ஹோஸ் கழல்வதன் வேர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, லாரிகள் வந்தன. 1955இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அந்த வண்டிகளின் இன்ஜின் எண்களைக் கவனித்தால் அக்காலப் பொறியியலின் போக்கு தெரியும். காமெட் 350 என்றால் 350 கன அங்குலம், ஏறத்தாழ 5.7 லிட்டர். பிறகு வந்த 400 வகை ஆறரை லிட்டர். பெரிய வண்டிகளுக்கான 680, பதினோரு லிட்டர். அதிக பலம் வேண்டுமா, சிலிண்டரைப் பெரிதாக்கு என்பதே வழி. காற்றை எந்த அளவிலும் யாரும் திணிக்கவில்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்றே இன்ஜினுக்குப் போதும் என்று இருந்தது.

இப்படி உறிஞ்சும் இன்ஜினில் காற்று வழியிலுள்ள ரப்பர் ஹோஸ் கழன்று பறக்க வாய்ப்பே இல்லை. வெளிக்காற்று அதை உள்நோக்கியே அழுத்திக்கொண்டிருக்கும். இணைப்பு தளர்ந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழையும், லைனரும் ரிங்கும் தேயும். அது மெதுவாகக் கொல்லும் நோய். அதற்கு மருந்து இடைவெளி இல்லாமல் இறுக்குவது, அந்த மருந்து சரியானதே. தண்ணீர் ஹோஸிலும் இதே கதைதான். நாற்பது மில்லிமீட்டர் வாயுள்ள ரேடியேட்டர் ஹோஸில் அரை பார் அழுத்தம் இருந்தால், அதைப் பைப்பிலிருந்து தள்ளும் விசை ஏழு கிலோவை எட்டாது. கிளாம்ப் சுமாராக இருந்தாலும் தாங்கும். ஒழுகினால் இன்னொரு சுற்று திருகினால் நிற்கும். பைப் அரித்திருந்தால் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றி அதன் மேல் ஹோஸை ஏற்றலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பட்டறைகளில் மாமாவிடமும் அண்ணனிடமும் தொழில் கற்ற பையன்களுக்கு முதலில் கைக்கு வந்த பாடம் இதுதான்.

இன்ஜினின் இந்த இயல்பை மாற்றிய டர்போ புதிய சரக்கு அல்ல. புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தலாம் என்ற யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஐரோப்பிய லாரிகளில் அது 1950களில் வேரூன்றியது. இந்திய லாரிக்கு அது தேவைப்படாமல் இருந்ததற்குக் காரணம் சிக்கனம்: பழுது பார்க்க எளிதான, மட்டமான டீசலையும் ஏற்றுக்கொள்ளும் இன்ஜினே இங்கு விலைபோனது. 1980களில் நிலைமை நகர்ந்தது. அசோக் லேலண்ட் ஜப்பானின் ஹினோவோடு இன்ஜின் தொழில்நுட்பத்துக்காகக் கைகோத்தது. சென்னையை மையமாகக் கொண்டு டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போசார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் டர்போவை எல்லா லாரிக்கும் கொண்டு சேர்த்தது புகைச் சட்டம்தான். 1992இல் டீசல் வண்டிகளுக்கு முதல் வரம்பு, 1996இல் இன்னும் கடுமை, 2000இல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜின் முதல் படி, சென்னை போன்ற பெருநகரங்களில் அடுத்த ஆண்டே இரண்டாவது படி. சிலிண்டரைப் பெரிதாக்கும் பழைய வழியில் இந்த வரம்புகளைத் தொட முடியாது. காற்றைக் கூட்ட வேண்டும், கூட்டிய காற்றைக் குளிர்விக்கவும் வேண்டும். காற்றை இரண்டரை மடங்குக்கு அழுத்தினால் சென்னை வெயிலில் அதன் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்து நிற்பதால் அழுத்தியதன் பலனில் ஒரு பகுதி வீணாகும். எரிதலின் உச்சச் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர் அந்தக் காற்றை அறுபது டிகிரி அளவுக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் கூடுதலான காற்று சிலிண்டருக்குள் போகும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு பைப், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு பைப், இரண்டின் முனைகளிலும் ஹோஸ் என்று லாரியின் முகப்பில் புதிதாக நான்கு வாய்கள் முளைத்தன.

இந்த வாய்களின் மேல் விழும் விசையைப் பழைய கண்ணால் பார்த்ததில்தான் தவறு தொடங்கியது. டர்போ தரும் அழுத்தம் பெரும்பாலும் ஒன்றரை பார் அளவில்தான் இருக்கும். லாரி மெக்கானிக் அழுத்தம் தெரியாதவர் அல்ல; ஏர் பிரேக் டாங்க்கில் எட்டு பார் காற்றைத் தினமும் கையாள்பவர். எட்டையே அடக்குகிறவருக்கு ஒன்றரை ஒரு பொருட்டாகப் படாதது இயல்பு. ஆனால் இணைப்பைப் பிரிக்கும் விசை, அழுத்தத்தோடு வாயின் பரப்பையும் பெருக்கி வருவது. பத்து மில்லிமீட்டர் துளையுள்ள பிரேக் குழாயில் எட்டு பார் இருந்தாலும் தள்ளும் விசை ஆறரை கிலோதான். எண்பது மில்லிமீட்டர் இன்டர்கூலர் பைப்பில் ஒன்றரை பார், ஐம்பது சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் அழுத்தி, எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் தள்ளும். ஒன்றரை மூட்டை சிமென்ட்டைக் கட்டித் தொங்கவிட்டதுபோல. பழைய தண்ணீர் ஹோஸும் பிரேக் குழாயும் சுமந்ததைவிடப் பதினொரு மடங்குக்கு மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரேக் குழாய் கழலாமல் நிற்பது இறுக்கத்தால் மட்டுமல்ல. அங்கே ஒரு வளையமோ விரித்த முனையோ நட்டுக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. விடை அதே வண்டியிலேயே, அதே மெக்கானிக்கின் கையிலேயே இருந்தது. அதை இன்டர்கூலருக்கு யாரும் பெயர்த்துச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்டர்கூலர் பைப்பின் முனையைத் தடவிப் பார்த்தால் விளிம்பை ஒட்டி ஒரு வரம்பு புடைத்திருக்கும். கிளாம்ப் அந்த வரம்புக்கு உட்புறம் உட்கார வேண்டும். வரம்பின் மேலேயோ அதைத் தாண்டி வெளிமுனையிலோ உட்கார்ந்தால், எவ்வளவு திருகினாலும் அது ஹோஸை வெளியே நழுவத்தான் விடும். அடுத்தது எண்ணெய். டர்போவின் சீல் வழியாகவும் கிராங்க்கேஸ் புகையோடும் வரும் எண்ணெய்ப் படலம் பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் புகுந்தால், பிடிப்பு என்பது மசகு போட்ட இணைப்பாகிவிடும். துடைத்து, தின்னர் போட்டு, உலரவிட்டு மாட்டுவது அரை மணி நேர வேலை. சாலையோரத்தில் அதற்குப் பொறுமை இருப்பதில்லை. மூன்றாவது, பைப்பைச் சட்டத்தோடு பிடிக்கும் பிராக்கெட். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுகிறது, இன்டர்கூலர் சேஸிஸோடு நிலையாக நிற்கிறது; அந்த ஆட்டத்தை ஏற்கத்தான் ஹோஸ் இருக்கிறது, விசையைத் தாங்க அல்ல. பிராக்கெட்டின் போல்ட் விழுந்துவிட்டால் எழுபத்தைந்து கிலோவும் நேராக ஹோஸின் தலையில் இறங்கும். கடைசியில்தான் கிளாம்ப். பல்வெட்டுள்ள பழைய வகைக் கிளாம்ப் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துவதில்லை. திருகு இருக்கும் இடத்தில் இடைவெளி விடும், பல்வெட்டுக்குள் மெத்தென்ற சிலிக்கோன் பிதுங்கி அறுபடும். இறுக்க இறுக்க அறுப்பு ஆழமாகும். அகலப் பட்டியில் டி-போல்ட் வைத்த கிளாம்ப் இந்தக் கேட்டைக் குறைக்கிறது.

ரப்பர் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் டிரெட் ரப்பருக்கும், 1961இல் டயருக்கும் வந்தது. தலைமுறைகள் ரப்பர் வேலையில் வளர்ந்தன. ஆனால் டயருக்கான ரப்பரின் குணம் வேறு. 150 டிகிரிச் சூட்டில் இயற்கை ரப்பர் நிற்காது, எண்ணெயில் ஊறி உப்பிவிடும். இன்டர்கூலருக்கு இழைத்துணி வைத்த சிலிக்கோன் வேண்டும். சிலிக்கோனும் எண்ணெயை உள்ளே கசியவிடும் என்பதால் தரமானவற்றின் உட்புறம் ஃபுளோரோசிலிக்கோன் பூசப்பட்டிருக்கும். டியூப்பை வெட்டிச் சுற்றும் பழைய உத்தி இங்கே பலிக்காமல் போனது இதனால்தான்.

வடசென்னைக்கே உரிய இரண்டு காரணங்கள் இந்தக் கோளாறைக் கூர்மையாக்கின. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் திறந்தபின் சரக்கு கண்டெய்னருக்கு மாறியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை மணிக்கணக்கில், சில காலங்களில் நாள்கணக்கில் நின்றது. வரிசையில் நிற்கும் வண்டி ஐடிலில் ஓடி ஓடி நகரும். ஐடிலில் டர்போவின் காற்றுப்பக்கம் அழுத்தம் இல்லாததால் சீலைத் தாண்டி எண்ணெய் எளிதாகக் கசியும், இன்டர்கூலரின் அடியில் தேங்கும். பிறகு கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு வண்டி முழு இழுவைக்குப் போகும்போது, எண்ணெயில் நனைந்த வாய்களின் மேல் முழு அழுத்தமும் இறங்கும். மற்றொன்று கடல். உப்புக் காற்றில் கிளாம்ப்பின் திருகு துருவேறிச் சிக்கிக்கொள்ளும். ஸ்பேனரில் கனமாகத் தெரியும் இறுக்கம் பாதி துருவிலேயே செலவாகி, பட்டிக்குப் போய்ச் சேராது. ‘நல்லா டைட் வச்சேன்’ என்று மெக்கானிக் சொல்வது பொய்யல்ல. அவர் கை உண்மையாகவே அதை உணர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு, எல்லாம் போலிச் சாமான் செய்யும் வேலை என்பது. போலி ஹோஸ் இருக்கிறது, கேடு செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கழன்ற ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தீர்ப்பு தெரியும். கிழிந்திருந்தால் பொருளின் குற்றம். கிழிசல் எதுவுமின்றி முழுதாக நழுவி வந்திருந்தால் இணைப்பின் குற்றம். இரண்டாவது வகையில் புது ஹோஸ் வாங்கிப் போட்டு எண்ணெயைத் துடைக்காவிட்டால், புது ஹோஸும் நழுவும். அளவுக்கு மீறிய பாரம்தான் காரணம் என்பது மற்றொரு மறுப்பு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் டர்போ தரும் உச்ச அழுத்தம் பாரத்தைப் பொறுத்து ஏறுவதில்லை. பாரம் கூடினால் அந்த உச்சத்தில் வண்டி இருக்கும் நேரம்தான் நீளும். 2018இல் மூன்று அச்சு லாரியின் சட்டப்பூர்வ எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தபின் அந்த நேரம் சட்டத்தின் துணையோடே நீண்டிருக்கும். சரியாக மாட்டிய இணைப்பு அதைத் தாங்கும். தவறாக மாட்டியது சற்று முன்னதாகக் கழலும். பாரம் பழுதை உண்டாக்குவதில்லை, விரைவுபடுத்துகிறது.

2020இல் வந்த, பாரத் ஸ்டேஜின் ஆறாவது படியான பி.எஸ். 6 வண்டியில் சென்சார் எல்லாவற்றையும் சொல்லிவிடுமே, இந்தக் கைவேலை இனி எதற்கு என்றும் கேட்கலாம். காற்று கசிந்தால் சென்சார் சொல்லும், இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அது கழன்ற பிறகு வரும் செய்தி. பழைய வண்டியில் கழன்ற ஹோஸோடு மெதுவாகப் பட்டறைவரை போய்விடலாம், செலவு கரும்புகையோடு போயிற்று. இப்போதோ காற்றுக் குறைவால் வரும் கரி வெளியே போகாமல் புகைவடிகட்டியில் படிகிறது. ஒன்றிரண்டு டிரெய்லர் வைத்திருக்கும் முதலாளிக்கு அந்த வடிகட்டியின் விலை ஒரு மாத வருமானத்தைக் கேட்கும். எனவே கழலும் முன்பே பார்க்கும் கைவேலை இன்னும் தேவை. அலுமினியப் பைப்பைவிடச் சிலிக்கோன் அதிகமாக விரிவதால், புதிதாக மாட்டிய ஹோஸ் முதல் நாள் சூட்டில் பட்டிக்கு அடியில் பிதுங்கி, ஆறியபின் தளர்ந்து கிடக்கும்; ஒரு நாள் ஓடி ஆறிய இன்ஜினில் கிளாம்ப்பை மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான். ஸ்பிரிங் வைத்த கிளாம்ப் இந்த விரிவையும் சுருக்கத்தையும் தானே பின்தொடர்கிறது, ஆனால் விலை கூடுதல். அதைப் போடாத வண்டிகளில், மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது கேபினைச் சாய்த்து நான்கு வாய்களையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் வேலை பட்டறைக்காரருடையதே. அதற்கான கூலியும் பில்லில் தனியாக ஏற வேண்டும்.