கழட்டிப் பூட்டும் மேசையும் கொண்டுபோக முடியாத அலுமாரியும்

மூன்று வருஷத்தில் இது நாலாவது போடிங். ஒவ்வொரு முறையும் மேசைக்காலைக் கழட்டிப் பூட்டியதில் ஸ்குறூ ஓட்டை விரிந்துவிட்டது. நெருப்புக்குச்சி செருகி இறுக்கிப் பார்த்தேன். ரெண்டு கிழமைதான் நிண்டுது. கடைசியில் ஒரு தச்சவேலைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டையைப் பெருப்பித்து, உள்ளேயும் வெளியேயும் புரி வெட்டிய சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றைத் திருகி இறக்கினார். "இனி எத்தினை தரமெண்டாலும் கழட்டுங்கோ பிள்ளை" என்றார்.

விஷயம் சிம்பிள். மரத்தில் நேரடியாக இறங்கும் ஸ்குறூ, கழட்டிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் மரத்தின் நாரைக் கொஞ்சம் தின்கிறது. மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை என்றால் இன்னும் மோசம். இந்தக் குழாயின் வெளிப்புரி மரத்தை ஒரே ஒருமுறைதான் கடிக்கும். பிறகு போல்ட் உரசுவதெல்லாம் உலோகத்தோடுதான்.

மரத்துக்கு உலோகப் புரி வைக்கும் யோசனை பழையது. ஆனால் ஒரு காலத்தில் புரியைக் கையால் வெட்டினார்கள். ஒரு நட் அதனுடைய சொந்தப் போல்டுக்கு மட்டும்தான் பொருந்தும். 1800 அளவில் லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி துல்லியமாகப் புரி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செய்தார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வேர்த், 1841இல் எல்லாருக்கும் பொதுவான புரி அளவு ஒன்றை முன்வைத்தார்.

அந்தக் காலத்தில் கழட்டிப் பூட்டும் தளபாடம் யாருக்குத் தேவைப்பட்டது? பேரரசுக்கு. இந்தியாவுக்கும் வேறு குடியேற்ற நாடுகளுக்கும் போன பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் தளபாடத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டு போனார்கள். லாச்சிப் பெட்டி இரண்டாகப் பிரியும், கால்கள் திருகிக் கழரும், மூலைகளில் பித்தளைத் தகடு. 'கம்பெய்ன் ஃபர்னிச்சர்' என்று இன்றைக்கும் பழம்பொருள் சந்தையில் நல்ல விலை. அதைச் சுமந்த மாடுகளையும் கூலியாட்களையும் பற்றி அங்கே ஒருத்தரும் கதைப்பதில்லை.

அடுத்தது வியாபாரம். 1859இல் மைக்கல் தோனெட்டின் 14ஆம் இலக்கக் கதிரை வந்தது. ஆறு மரத்துண்டு, பத்து ஸ்குறூ, இரண்டு நட். 36 கதிரைகளைக் கழட்டி ஒரு கனமீற்றர் பெட்டிக்குள் அடுக்கி அனுப்பலாம். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1956இல், ஐக்கியா தட்டைப்பெட்டித் தளபாடத்துக்குள் இறங்கியது.

இரண்டிலும் ஒன்று பொது: போகப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்காகச் செய்த பொருட்கள் இவை.

அம்மம்மாவின் அலுமாரி அப்படியில்லை. முதிரை மரம், ஆணியே இல்லாமல் மரத்துக்கு மரம் கொளுவிச் செய்தது. அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவேண்டி வரும் என்று செய்தவரும் நினைக்கவில்லை, செய்வித்தவரும் நினைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது சைக்கிளில் கட்ட முடிந்தது ரெண்டு பாயும் அரிசியும்தான். அம்மம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தாவாம். திரும்பி வந்தபோது வீடு இருந்தது, அலுமாரி இல்லை.

தளபாட வரலாற்றில் தோனெட்டின் கதிரைக்கு இடம் இருக்கிறது. ஓர் இரவில் விட்டுவிட்டு வந்த அலுமாரிகளை எங்கே எழுதுவது? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கும். அம்மம்மாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ.

அந்தத் திறப்பு இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.