நரோராவில் கருகிய கேபிள்கள்

1993 மார்ச் 31 அதிகாலை. உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில், முதல் அலகின் டர்பைன் பிளேடுகள் இரண்டு முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது.

பெரிய ஆபத்து கேபிள்களில் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று வைத்திருந்த மின்வழிகள், தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் சென்றதால் மொத்தமாகக் கருகின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறையைப் புகை சூழ்ந்தது. ஊழியர்கள் டார்ச் விளக்குடன் உலைக் கட்டடத்தின் மேலேறி, அணுப்பிளவு மீண்டும் தொடங்காமல் தடுக்கும் போரான் கரைசலுக்கான வால்வுகளைக் கையாலேயே திறந்தார்கள். அந்தத் துணிச்சலை நாடு போதுமான அளவு கொண்டாடவில்லை.

1975இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் ஒரு மெழுகுவத்தி கேபிள்களைப் பற்றவைத்தபோதே இத்தகைய கேபிள் தீ பற்றிய எச்சரிக்கை கிடைத்துவிட்டது.

நரோராவுக்குப் பிறகு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்டபடி, இந்திய அணுமின் கழகம் டர்பைன் பிளேடுகளைச் சோதித்தது. கேபிள்களைப் பிரித்து, தீத்தடுப்புகளை அமைத்தது.