1962 சதி வழக்கும் நீதித்துறையின் அதிகாரமும்

1962 சனவரி 27ஆம் நாள் இரவு கொழும்பில் ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு இராணுவ, பொலிஸ் உயர் அலுவலர் சிலர் வகுத்திருந்த திட்டம், நிறைவேறு முன்னரே வெளிப்பட்டது. துப்பாக்கி ஒன்றேனும் வெடிக்கவில்லை. கைதானோருள் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் இருந்தனர். பெரும்பாலோர் ஆங்கிலக் கல்வி பெற்ற கிறிஸ்தவ மேற்குடியினர். 1956இன் பின்னெழுந்த அரசியற் சூழலில் இத்தகையோர்பால் பரிவு கொள்ள எவரும் முன்வந்திலர். அரசாங்கத்துக்கு அவர்கள் துரோகிகள். இடதுசாரிகளுக்கோ, தம் தலைவர்களையும் சிறையிடத் திட்டமிட்ட பிற்போக்காளர். 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தை ஆயுதப்படை கொண்டு அடக்கியதை மறவாத தமிழ் மக்களுக்கும் படை அலுவலரிடத்து அனுதாபம் பிறக்கக் காரணம் இருந்ததில்லை. இவ்வாறு எல்லாத் தரப்பினரதும் வெறுப்புக்கு ஆளானோர் தொடர்பாகவே இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றில் மிக முக்கியமான தீர்ப்பு ஒன்று பிறந்தது என்பது கவனத்துக்குரியது.

பெப்ரவரியில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, சதியில் ஈடுபட்டோர் எனக் கருதப்பட்டவர்களைப் பெயர் கூறியே சுட்டியது. மார்ச்சு மாதத்தில் 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்டம் (விசேட ஏற்பாடுகள்) நிறைவேறியது. அது சனவரி முதலாந் திகதி தொடக்கமே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. பிடியாணையின்றிக் கைது செய்தமையும் தடுத்து வைத்தமையும் பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கப்பட்டன. பொதுச் சட்டப்படி சான்றாக ஏற்கத்தகாத, காவலிலிருந்தபோது அளிக்கப்பட்ட வாக்குமூலங்கள் ஏற்கத்தக்கனவாயின. யூரர் இன்றி மூன்று நீதியரசர் விசாரிப்பர். அம்மூவரையும் நீதி அமைச்சரே நியமிப்பார். குற்றம் நிரூபிக்கப்படின் பத்தாண்டுச் சிறைக்குக் குறையாத தண்டனையும் சொத்துப் பறிமுதலும் கட்டாயம். இவ்வேற்பாடுகளின் முக்கியமானவை சனவரி 27ஆம் நாளை ஒட்டிய குற்றத்துக்கு மாத்திரமே உரியன. சட்டமென்பது எல்லார்க்கும் பொதுவாய் அமைவது என்ற கருத்துக்கு இதனிலும் வெளிப்படையான விலகலைக் காண்டல் அரிது.

முதலாவது எதிரி டக்ளஸ் லியனகே ஒரு சிவில் சேவை அலுவலர். அவர் பெயராலேயே இவ்வழக்கு அறியப்படுகின்றது. எதிரிகள் இருபத்து நால்வர். வழக்குத் தொடங்கியதும் எதிரிகளின் சட்டத்தரணிகள் குற்றம் பற்றி வாதிடாது, நீதிமன்றம் அமைந்த முறையையே எதிர்த்தனர். அமைச்சரால் நியமிக்கப்பட்ட ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, ஸ்ரீ ஸ்கந்தராஜா ஆகிய நீதியரசர் மூவரும் அவ்வாதத்தை ஏற்றனர். வழக்கில் அக்கறையுள்ள நிறைவேற்றுத்துறையே தனக்கு வேண்டிய நீதிபதியைத் தெரிவதற்கு அரசியலமைப்பு இடந்தராதென 1962 ஒக்டோபரில் தீர்த்து, தம் நியமனம் செல்லாதெனத் தாமே அறிவித்தனர். பின்னர் வந்த இலண்டன் தீர்ப்பே பெரிதும் பேசப்படுகின்றது. எனினும் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தீர்ப்பளிப்பதிலும், கொழும்பிலே, அரசாங்கத்தின் சினத்துக்கு எட்டிய தொலைவிலிருந்து இவ்வாறு கூறுதற்கே அதிக துணிவு வேண்டியிருந்திருக்கும்.

பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நியமன அதிகாரத்தைப் பிரதம நீதியரசரிடம் ஒப்படைத்தது. இரண்டாவது மன்றும் நிலைக்கவில்லை. அதன் உறுப்பினர் ஒருவர் முன்னர் சட்டமா அதிபராகக் கடமையாற்றியபோது புலன்விசாரணையில் தொடர்புற்றிருந்தார். மூன்றாவது மன்று 1963 யூனில் தொடங்கி 324 நாட்கள் விசாரித்தது. 1965 ஏப்பிரல் 6ஆம் நாள் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டு, சட்டம் விதித்தவாறே பத்தாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை அளித்தது. அப்போதும் அந்நீதியரசர் வாளாவிருந்தாரல்லர். சதியை வகுத்தோரையும் பிறர் தூண்டலால் அதிற் சேர்ந்தோரையும் வேறுபடுத்தித் தண்டிக்கும் உரிமையைச் சட்டம் பறித்துவிட்டதென்றும், இச்சதிக்கு மட்டும் தனிச்சட்டம் ஏனென விளங்கவில்லையென்றும் தீர்ப்பிலேயே பதிவு செய்தனர்.

மேன்முறையீடு கோமறைக் கழகத்துக்குச் சென்றது. ஆங்கு இரு வாதங்கள் முன்வைக்கப்பட்டன. நீதியின் அடிப்படைத் தத்துவங்களுக்கு முரணான சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது முதலாவது. இது நிராகரிக்கப்பட்டது, சுதந்திர நாட்டின் சட்டமன்றத்துக்கு அத்தகைய கட்டு இல்லையெனக் கழகம் கருதியது. நீதித்துறைக்குரிய அதிகாரத்தைப் பாராளுமன்றம் கவர்ந்துகொண்டது என்ற இரண்டாவது வாதமே வென்றது. சோல்பரி அரசியலமைப்பில் அதிகாரப் பிரிவினை வெளிப்படையாய்க் கூறப்படவில்லை. ஆயினும் 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் முதலாகத் தனித்தியங்கி வந்த நீதிமன்றங்களும், நீதிபதிகளின் பதவிக் காப்பும், நீதிச் சேவை ஆணைக்குழுவும் அப்பிரிவினையை உணர்த்தின என்பது கழகத்தின் கொள்கை. பெயர் அறியப்பட்டுச் சிறையிலிருந்த குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே இயற்றிய சட்டம், சட்டவுருவிலமைந்த தீர்ப்பேயன்றி வேறன்று. பியர்ஸ் பிரபு வழங்கிய தீர்ப்பின்படி 1965 டிசம்பரில் தண்டனைகள் யாவும் நீக்கப்பட்டன.

சதி நிகழவில்லை என்றோ எதிரிகள் மாசற்றவர் என்றோ கோமறைக் கழகம் கூறியதில்லை. இதனை மறந்து அத்தீர்ப்பைச் சதிகாரரின் வெற்றியாகப் போற்றுவோரும், அதே காரணத்தால் தூற்றுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். நீக்கப்பட்டது தண்டனை, காக்கப்பட்டது நீதிமன்றின் எல்லை.

அவ்வெல்லை நெடுநாள் நிலைக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, நீதி அதிகாரத்தையும் தேசிய அரசுப் பேரவை நீதிமன்றங்களின் வாயிலாகப் பிரயோகிக்கும் ஒன்றாக்கியது. 1971 ஏப்பிரற் கிளர்ச்சியில் ஈடுபட்ட இளைஞரை விசாரிக்க, அதே 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கெனத் தனி மன்று, சாதாரண சான்றுச் சட்டத்துக்கு ஒவ்வாத வாக்குமூலங்களையும் ஏற்கும் அதிகாரம் என, லியனகே வழக்கில் வீழ்த்தப்பட்ட பலவும் அதில் மீண்டும் இடம்பெற்றன. இம்முறை கூண்டில் நின்றோர் உயர்குடி அலுவலரல்லர். பெரும்பாலும் கிராமத்து ஏழை இளைஞர். 1977இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை, அவர்கள் முறையிடுதற்கு மேல் மன்று எதுவும் இருக்கவில்லை.