குரல் கேட்டு ஆளை அறிதல்

இருட்டிலே யாரோ நம்மை அழைக்கிறார். முகம் தெரியவில்லை. ஆயினும், அழைத்தவர் முதியவர், களைத்திருக்கிறார், நமக்கு வேண்டியவர் என்றெல்லாம் நம் உள்ளம் ஒரு நொடியில் முடிவு கட்டிவிடுகிறது. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. குரல் வருகிறது, ஆள் வருவதில்லை. கேட்பவரோ அக்குரலுக்கு ஒரு முகத்தை வரைந்து, ஓர் உடலைக் கொடுத்து, ஒரு குணத்தையும் ஏற்றிவிடுகிறார். அந்தச் சித்திரம் எவ்வளவு உண்மை? இவ்வினாவைத் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஒரு மாணவியின் வரலாற்றை, மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஹெர்த்தா ஹெர்ட்சோக். 1910ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில் பிறந்தவர். அவர் பயின்ற வியன்னாப் பல்கலைக் கழகத்தில் அக்காலத்தில் உளநூல் பேராசிரியராக விளங்கியவர் கார்ல் பியூலர். பேச்சு என்பது மூன்று வேலைகளை ஒருங்கே செய்கிறது என்பது பியூலரின் கொள்கை. அது ஒரு பொருளை உணர்த்துகிறது; பேசுபவரின் உள்ளத்தை வெளிப்படுத்துகிறது; கேட்பவரை நோக்கி அழைப்பு விடுக்கிறது. இக்கொள்கையை விரித்துரைக்கும் அவரது நூல் 1934இல் வெளிவந்தது.

அதே உளநூல் நிலையத்தில் பால் லாசர்ஸ்பெல்டு என்ற இளைஞரும் இருந்தார். கணிதம் கற்றவர் அவர். 1924இல் தோன்றிய வியன்னா வானொலி நிறுவனம், நேயர்கள் எவ்வெந்நிகழ்ச்சிகளை விரும்புகிறார்கள் என்பதை அறிய முற்பட்டபோது, அவ்வாராய்ச்சியை அவரும் அவர் குழுவினரும் மேற்கொண்டனர். 1932இல் முற்றுப்பெற்ற அந்த ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களின் விருப்பங்கள் தொகுக்கப்பட்டன. பேச்சின் இயல்பை ஆராயும் ஆசிரியர் ஒருபுறம்; எண்ணிக் கணக்கிடும் ஆராய்ச்சியாளர் மறுபுறம். இவ்விருவரின் சூழலில் வளர்ந்த மாணவி ஹெர்ட்சோக்.

அவர் எடுத்துக்கொண்ட வினா முற்றிலும் புதியதன்று. 1927ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராசிரியர் பியர் என்பார், ஒன்பது பேரைப் பிரிட்டிஷ் வானொலியில் பேசச் செய்து, அவர்கள் யாவர் என்று ஊகித்து எழுதுமாறு நேயர்களைக் கேட்டிருந்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. பிறர் கேட்ட வினாவை வேறு நாட்டில், வேறு மொழியில் மீண்டும் கேட்பது ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. அதுவே ஆராய்ச்சியின் உயிர். ஓரிடத்தில் கண்ட முடிவு வேறிடத்திலும் நிற்குமா என்று பார்த்த பின்னரே அதனை உண்மை என்று கொள்ள முடியும்.

ஹெர்ட்சோக்கும் ஒன்பது பேரைத் தெரிந்தெடுத்தார். வயதாலும் தொழிலாலும் வேறுபட்ட அவர்களின் குரல்கள் வியன்னா வானொலியில் ஒலிபரப்பாயின. பேசியவரின் வயது என்ன, தொழில் என்ன, உடல் தோற்றம் எத்தகையது என்றெல்லாம் நேயர்கள் விடை எழுதினர். ஏறத்தாழ 2,700 பேரின் விடைகள் கிடைத்தன. பல்கலைக் கழக அறைக்குள் இருபது முப்பது பேரை அமர்த்திச் சோதனை செய்வது அந்நாளில் வழக்கம். இம்மாணவிக்கோ ஒரு நாட்டின் வீடுகளே சோதனைச் சாலையாயின.

இந்த வேலை நடைபெற்ற காலத்தில்தான் பெருந்துன்பம் ஒன்று வந்தது. இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தார், எனினும் வலக்கை பழைய வலிமையை மீண்டும் பெறவில்லை. அந்நிலையிலும் ஆராய்ச்சியைக் கைவிடாது முடித்து, 1932இல் டாக்டர் பட்டம் பெற்றார். ‘குரலும் ஆளுமையும்’ என்ற தலைப்பில் அவ்வாராய்ச்சி அடுத்த ஆண்டு ஜெர்மன் உளநூல் இதழொன்றில் வெளியாயிற்று.

இத்தகைய சோதனையில், ஊகம் சரியானது என்று எப்படிச் சொல்வது? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் பாதி விடை சரியாகத்தானே அமையும்? ஆகவே தற்செயலாய்க் கிடைக்கக்கூடிய அளவைக் கடந்து ஊகங்கள் சரியாக உள்ளனவா என்று கணக்கிட வேண்டும். அவ்வாறு பார்த்தபோது, குரல் பேசுபவரைப் பற்றி ஓரளவு உண்மை சொல்கிறது என்பதும், எல்லாவற்றையும் சொல்வதில்லை என்பதும் புலனாயின. 1934இல் அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தில் காண்ட்ரில், ஆல்போர்ட் என்னும் இருவர் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். அவர்கள் கண்டது சிந்தனைக்குரியது. ஒரு குரலைக் கேட்டவர்கள் தம்முள் ஒத்துப்போன அளவு, அவர்களுடைய ஊகம் உண்மையோடு ஒத்துப்போன அளவைவிட மிகுதியாக இருந்தது. அஃதாவது, பலர் ஒருமுகமாகத் தவறு செய்தனர்! ‘இத்தகைய குரல் உடையவர் இத்தகையவராகவே இருப்பார்’ என்ற அச்சு அனைவர் உள்ளத்திலும் முன்னமே வார்க்கப்பட்டிருந்தது.

இது வெறும் அறிவு விளையாட்டாக நின்றுவிடவில்லை. 1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மலிவான வானொலிப் பெட்டிகள் வீடுதோறும் பரப்பப்பட்டன. ஒரே குரல் கோடிக் கணக்கானோரின் செவியை எட்டியது. 1938 மார்ச் 11ஆம் நாள் மாலை, ஆஸ்திரியப் பிரதமர் ஷூஷ்னிக் தாம் பதவி விலகுவதை வியன்னா வானொலியிலேயே அறிவித்தார். மறுநாள் ஜெர்மானியப் படைகள் உள்ளே நுழைந்தன. பேராசிரியர் பியூலர் கைது செய்யப்பட்டார்; விடுதலையான பின் நாட்டைவிட்டு வெளியேறினார். லாசர்ஸ்பெல்டு 1933லேயே அமெரிக்கா சென்றிருந்தார். ஹெர்ட்சோக் 1935இல் சென்றார். 1937இல் தொடங்கிய வானொலி ஆராய்ச்சி நிலையத்தில் இருவரும் பணிபுரிந்தனர்.

1938 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, செவ்வாய்க் கிரகத்தார் அமெரிக்காவின்மீது படையெடுத்தது போன்ற நாடகம் ஒன்றை ஆர்சன் வெல்ஸ் குழுவினர் ஒலிபரப்பினர். அது செய்தி அறிக்கை போல் அமைந்திருந்ததால் சிலர் உண்மையென்று நம்பி அஞ்சினர். அச்சத்தின் அளவைச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தின என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ‘எத்தனை பேர் அஞ்சினர்?’ என்பதோடு நில்லாமல், ‘அஞ்சியவர் ஏன் நம்பினர்?’ என்று ஹெர்ட்சோக் நேரில் சென்று வினவினார். நாடகத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டவர்கள் இருந்தனர். சில வாரங்களுக்கு முன் ஐரோப்பிய நெருக்கடி பற்றிய அவசர அறிக்கைகளைக் கேட்டுப் பழகிய செவிகள் இருந்தன. 1940இல் காண்ட்ரில் வெளியிட்ட நூலுக்கு இவ்விசாரணைகள் அடிப்படையாயின.

அடுத்து, பகல் நேரத்தில் ஒலிபரப்பாகும் தொடர் நாடகங்களைக் கேட்கும் இல்லத்தரசியர் நூறு பேரிடம் அவர் உரையாடினார். அவ்வாராய்ச்சி 1941இல் வெளிவந்தது. ‘பொழுது போக்காத வீண் கதை’ என்று கற்றவர் இகழ்ந்த அந்நாடகங்களில், அப்பெண்கள் அழுது ஆறுதல் பெற்றனர், கனவு கண்டனர், தம் வீட்டுச் சிக்கலுக்கு வழியும் தேடினர். வானொலி மக்களை என்ன செய்கிறது என்று கேட்டுவந்த உலகம், மக்கள் வானொலியிலிருந்து எதைப் பெறுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதற்கு இவ்வாராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

தொடர்பியல் என்ற பெயரில் இன்று பல்கலைக் கழகங்களில் தனித் துறைகள் உள்ளன. ஹெர்ட்சோக் பட்டம் பெற்றபோது வியன்னாவில் அப்பெயரில் துறை இல்லை. துறை பிறக்கும் முன்னரே வினா பிறந்துவிட்டது. வினாவைக் கேட்டவர் இருபத்திரண்டு வயதை எட்டாத மாணவி. தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில், 2010இல், அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, ஒரு குரல் இனிமையாக இருப்பதால் அது சொல்வது மெய்யாகிவிடாது. கேட்ட ஆயிரம் பேரும் ஒருமித்து உரைப்பதாலும் அது மெய்யாகிவிடாது. இவ்வுரையைக் கேட்ட நீங்களும் இதற்குள் என் குரலுக்கு ஓர் உருவம் கொடுத்திருப்பீர்கள். அவ்வுருவம் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அதனை நம்பி என் சொல்லை நம்பாதீர்கள். நான் கூறிய செய்திகளை நூலகத்தில் தேடிச் சரிபார்த்து, அதன் பின்னர் நம்புங்கள்.