குழப்படிப் பிள்ளையும் குளிகையும்

வகுப்பறையிலே ஓரிடத்தில் அமர்ந்திராத பிள்ளைக்குக் 'குழப்படிக்காரன்' என்று பெயரிட்டுப் பிரம்பெடுப்பது நம்மிடையே ஊறிய பழக்கம். அவ்வமைதியின்மை குணக்கேடா, நோயா என்று நாம் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு மருத்துவம் விடை தேடிய வரலாறு, ஒரு குளிகையின் வரலாறு மட்டுமன்று. அதனை ஆக்கியும் விற்றும் வந்த சமுதாயத்தின் வரலாறுமாகும்.

1887இல் லசார் எடெலியானு என்னும் ருமேனிய இரசாயன அறிஞர் பேர்லினில் அம்பெற்றமினை ஆக்கினார். அதன் பயன் யாதென அன்று எவரும் அறிந்திலர். 1930களில் அமெரிக்கக் கம்பனியொன்று அதனை மூக்கடைப்பு மருந்தாகவும், பின்னர் பென்செட்ரின் என்னும் குளிகையாகவும் சந்தைக்குக் கொணர்ந்தது. றோட் ஐலண்ட் மாநிலத்தில், மூளைக்காய்ச்சலால் நலிவுற்ற தம் மகளின் பெயரால் ஒரு செல்வரின் பொருளைக் கொண்டு அமைந்த சிறுவர் இல்லம் இருந்தது. ஆங்கு சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர், மூளைப் பரிசோதனையின் பின் எழுந்த தலையிடிக்காக அதனைக் கொடுத்துப் பார்த்தார். தலையிடி தணியவில்லை, ஆனால் சில பிள்ளைகள் பாடத்தில் மனம் ஊன்றலாயினர். 30 பிள்ளைகளுள் 14 பேர் கல்வியில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர் என்று 1937இல் அவர் எழுதினார். பிள்ளைகளே அதனைக் 'கணக்குக் குளிகை' என்றழைத்தனர்.

1944இல் சுவிற்சலாந்தின் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெதைல்பெனிடேற்றை ஆக்கினார். அவர் மனைவி றீற்றாவின் பெயரால் அது 'றிற்றலின்' ஆயிற்று.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றுக்கு வழங்கும் ஊக்கமருந்துகள் இன்றும் இவ்விரு குடும்பங்களையே சேர்ந்தவை. இரண்டும் மூளையில் டோபமின், நோரட்றினலின் ஆகியவற்றின் செயற்பாட்டை மிகுவிக்கின்றன. மெதைல்பெனிடேற்று அவை நரம்புக்கலத்துள் மீளச் செல்வதைத் தடுக்கிறது. அம்பெற்றமினோ அத்தோடமையாது கலத்தினின்றும் அவற்றை வெளியேற்றவும் செய்கிறது. பசியும் உறக்கமும் குன்றுதல் இரண்டுக்கும் பொதுவான குறை. 2018இல் வெளியான ஒரு விரிந்த ஒப்பாய்வு, பயனையும் பக்க விளைவையும் சீர்தூக்கி, குறுகிய காலச் சிகிச்சையில் பிள்ளைகளுக்கு மெதைல்பெனிடேற்றையும் வளர்ந்தோருக்கு அம்பெற்றமினையும் முதலில் வைத்தது. ஆயினும் ஒருவருக்கு ஒவ்வாதது மற்றவருக்கு ஒத்துவருதலுமுண்டு.

இங்கே வாணிபத்தின் கையையும் நாம் காணவேண்டும். உடல் மெலிவதற்கென விற்கப்பட்ட ஒபெற்றோல் என்னும் குளிகையின் வழிவந்ததே 1996இல் அங்கீகாரம் பெற்ற அடெறால். சில மணி நேரமே வேலை செய்த பழைய மருந்து, நாள் முழுதும் மெல்லக் கசியும் வடிவில் 2000இல் கொன்சேற்றா என்ற புதுப் பெயர் பெற்றது. பள்ளியில் நண்பகற் குளிகை விழுங்கும் கூச்சம் பிள்ளைக்கு நீங்கியது மெய். கம்பனிக்குப் புதிய சந்தை கிடைத்ததும் மெய்.

இலாபம் கலந்தமையால் மருந்தே பொய்யென்பார் உளர். அது தவறு, உண்மையாகவே துன்புறும் பிள்ளைக்கு அது துணை. மருந்தொன்றே போதுமென்பாரும் உளர். அதுவும் தவறு, நெரிசல் மிகுந்த வகுப்பறையையும், வெற்று மனனத்தையும், வீட்டு வறுமையையும் எக்குளிகையும் மாற்றாது.

எப்பிள்ளைக்கு எம்மருந்து என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். ஆனால் பிள்ளையை முதலில் நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே. நாம் பிரம்பைக் கீழே வைப்பதற்கு எவருடைய மருந்துச் சீட்டும் வேண்டியதில்லை.