வீதியும் விழாவும் வீடும்
புதுச்சேரிக் குடியிருப்பின் முந்நூறாண்டு வரலாறு

புதுச்சேரியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து தொடங்குவர். கோட்டை, ஆளுநர் மாளிகை, போர், உடன்படிக்கை என்று அவ்வரலாறு நீளும். அந்நகரில் குடியிருந்த தமிழ் மக்கள் எவற்றை நம்பி அங்கே வீடு கட்டினர், எதனால் ஒருமுறை வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்குரிய விடையில் வீட்டுமனையும் திருவிழாவும் பிரிக்கவியலாதபடி பின்னிக் கிடக்கின்றன. விடுமுறைக்காலக் கூட்டமே நகரின் வீட்டு விலையை முடிவுசெய்யும் இந்நாளில் அவ்விடையை மீண்டும் படித்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

நெசவாளரை நாடிய நகர்

1674ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகக் குழுமத்தின் குடியிருப்பை நிலைநிறுத்தினார். குழுமத்துக்கு வேண்டியது துணி. துணிக்கு நெசவாளர் வேண்டும். அவர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கைத் திரட்ட வணிகர் வேண்டும். இவர்கள் வாழக் கொத்தரும் தச்சரும் வண்ணாரும் வேண்டும். ஆகவே குடிகளை வரவழைப்பதே அந்நகரின் முதல் தொழிலாயிற்று.

1693இல் டச்சுக்காரர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் நகர வரைபடத்தை அவர்கள் 1694இல் வரைந்தனர். 1699இல் நகர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோதும் அவ்வமைப்பின் சாயல் நிலைத்தது. தொழில்வாரியாகவும் குலவாரியாகவும் தெருக்கள் அமைந்தன. செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. ஒரு தெருவில் மனை பெறுதல் என்பது நான்கு சுவருக்குள் இடம் பெறுவது மட்டுமன்று. அத்தெருவின் கோயிலிலும் கல்யாணத்திலும் சாவிலும் பங்கு பெறுவதாகும். பின்னாளில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியும் எனப் பிரிவு உறுதிப்பட்டது. மேற்கிலும் இந்துக்கள், கிறித்தவர்கள், இசுலாமியர்கள் தத்தம் வழிபாட்டிடங்களைச் சூழ்ந்து குடியிருந்தனர்.

விழாவைத் தடுத்தபோது வெறிச்சோடிய வீதிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபையினரின் வற்புறுத்தலால் நகர்க் கோயில்களின் திருவிழாக்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மக்கள் கலகம் செய்யவில்லை, கல்லெறியவுமில்லை. 1715இல் நெசவாளரும் பணியாளரும் பிறரும் நகரைவிட்டு வெளியேறத் தொடங்கினர். தறி நின்றால் துணியில்லை. துணியில்லையேல் கப்பலுக்குச் சரக்கில்லை. நிர்வாகம் இறங்கிவந்து அவர்களின் கோரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை ஏற்றது. குடிகள் திரும்பினர்.

இந்நிகழ்ச்சிக்கு ஒரு துயரப் பின்னுரையும் உண்டு. குழுமத்தின் தலைமைத் தரகராக விளங்கிய நயினியப்ப பிள்ளையே இவ்வெளியேற்றத்தைத் தூண்டினார் என்பது 1716இல் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. 1717இல் அவர் சிறையிலேயே உயிர்நீத்தார். பின்னர் பிரான்சில் அத்தீர்ப்பு தவறென்று அறிவிக்கப்பட்டது. அவருடைய உறவினரே துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு அக்காலத்து நகர வாழ்வை நம் கண்முன் நிறுத்துகிறது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியையும் அதில் வருத்தத்தோடு காண்கிறோம். அக்கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது.

1715 நமக்கு உணர்த்துவது ஒன்று. வரி குறைவு, காவல், வணிக வாய்ப்பு ஆகியவை குடிகளை வரவழைக்கும். அவர்களைத் தங்கவைப்பது வாசலில் சுவாமி புறப்பாடு வரும் என்னும் உறுதியே. அரசும் காலப்போக்கில் இதனைக் கற்றுக்கொண்டது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரையும் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேரையும் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம்பிடித்து இழுக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்றும் துணைநிலை ஆளுநர் அவ்வடத்தைத் தொட்டே தேர் புறப்படுகிறது. ஒருகாலத்தில் விழாவுக்குத் தடைவிதித்த ஆட்சியின் தலைவரே வடம்பிடிக்கும் நிலை வந்தது.

திண்ணை என்னும் பொதுவிடம்

1761 சனவரியில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1765இல் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபின், லா தெ லோரிஸ்தோன் ஆட்சியில், பூர்செ என்னும் பொறியாளர் பழைய வீதிக்கோடுகளின்மீதே நகரைத் திரும்ப எழுப்பினார். இன்று நாம் காணும் பழைய வீடுகள் அதற்குப் பிற்பட்டவை.

தமிழர் பகுதி வீட்டின் முகப்பை நோக்குக. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; அதற்குள் உயர்ந்த திண்ணை; பின்னர் வேலைப்பாடமைந்த கதவு, கூடம், முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு; திண்ணை விருந்தினருக்கும் அயலாருக்கும்; உள்ளே குடும்பத்துக்கு. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் வளைவுச் சாளரங்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளிலும் திண்ணை கைவிடப்படவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகளோ உயர்ந்த மதிலும் வாயிற்கதவுமாகத் தெருவுக்கு முதுகு காட்டி நிற்பவை.

திண்ணையின் பயன் விழாநாளில் விளங்கும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முதலிய ஊர்களிலிருந்து சுவாமிகள் எழுந்தருள்வது வழக்கம். அவற்றோடு நடந்துவருவோர் நகரின் திண்ணைகளில் இளைப்பாறினர், நீர்மோர் பெற்றனர், உறவினர் வீட்டில் உண்டு உறங்கினர். விழாவுக்கு வரும் விருந்தினருக்கு அன்று தங்குமிடம் இருந்தது. அதற்கு விலை இருந்ததில்லை.

வாடகைக்கு வந்தோரும் பூட்டிச் சென்றோரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் காவலர் கைக்கெட்டாத இடம் என்பதனால் புதுச்சேரி வீடுகளுக்குப் புதுவகைக் குடித்தனக்காரர் வந்தனர். 1908இல் வந்த பாரதியார் பத்தாண்டுகள் இங்கே வாடகை வீடுகளில் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவிடம். ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்று வழங்கப்பட்ட வீட்டுக்காரர் வாடகைக்காக அவரை நெருக்காதவர் என்பது அவரை அறிந்தோர் எழுதிய நினைவுகளால் புலனாகிறது. 1910இல் வந்த அரவிந்தர் முதலில் கலவை சங்கர செட்டியாரின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். பின்னர் வாடகை வீடுகளுக்கு மாறினார். 1926இல் ஆசிரமம் உருப்பெற்றது. அதன்பின் வாய்க்காலுக்குக் கிழக்கே பல வீடுகள் ஆசிரமத்தின் பயன்பாட்டுக்கு வந்தன. ஆண்டுதோறும் தரிசன நாள்களில் வெளியூரார் திரண்டனர். தங்கிச்செல்வோருக்கான விடுதி என்னும் எண்ணம் இந்நகரில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் பல பிரான்சுக்குப் பெயர்ந்தன. தலைமுறை கடந்தபோது ஒரே வீட்டுக்கு இருநாட்டிலுமாகப் பல பங்காளிகள் ஏற்பட்டனர். பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில். பங்காளிகளோ ஒருவரையொருவர் அறியாதவர். பராமரிக்க ஆளின்றிப் பூட்டிய வீடுகளில் ஓடு சரிந்தது, உத்தரம் இற்றது. விற்றுப் பங்கிட்டுக்கொள்வதே எளிய வழியாயிற்று. வாங்கியோருட் சிலர் இடித்து அடுக்குமாடி எழுப்பினர். சிலர் செப்பனிட்டு விடுதியாக்கினர்.

மார்கழியின் விலை

நம்மவர் வழக்கில் ஆடியிலும் மார்கழியிலும் குடிபெயர்வதில்லை, புதுமனை புகுவதுமில்லை. வீடு தேடுவோர் தைக்காகக் காத்திருப்பர். போக்கியப் பேச்சும் வாடகைப் பேச்சும் அதுவரை ஓய்ந்திருக்கும். இன்றைய புதுச்சேரியிலோ மார்கழியே வீட்டுக்கு மிக உயர்ந்த விலை கிடைக்கும் காலம். கிறித்துமசில் தொடங்கி, ஆங்கிலப் புத்தாண்டு இரவில் கூபேர் சாலைக் கடற்கரையில் உச்சம் அடைந்து, பொங்கல் விடுமுறையில் முடியும் அந்த மூன்று வாரங்களில் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்பட்டபின் சென்னை சில மணி நேரத் தொலைவாகிவிட்டது. பெங்களூருவிலிருந்தும் கார்கள் வருகின்றன. வாரக்கடைசிகளே சிறு திருவிழாக்களாகிவிட்டன.

இதன் கணக்கு எளியது. ஒரு குடும்பம் மாதந்தோறும் தரும் வாடகையை விருந்தினர் அறைகள் சில வாரக்கடைசி இரவுகளிலேயே ஈட்டித்தருகின்றன. அக்கணக்கையொட்டியே வீட்டின் விலையும் ஏறுகிறது. ஏறிய விலைக்கு வாங்கியவர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் போட்ட முதலுக்கு வட்டிகூடத் தேறாது. ஆகவே அவரும் விடுதியே நடத்துகிறார். ஆசிரியரும் எழுத்தரும் கடை ஊழியரும் இலாசுப்பேட்டை, முதலியார்பேட்டை, வில்லியனூர் என்று விலகிச்செல்கின்றனர். இதில் யாரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. விடுதிகளாக மாறியதனாலேயே இடியாமல் தப்பிய பழைய வீடுகளும் பல. ஆனால் விளைவு கண்கூடு: திண்ணை உண்டு, அதில் அமரும் பாட்டி இல்லை, வாசல் உண்டு, விடியலில் கோலமிடுவது சம்பளத்துக்கு வந்த பணியாள்.

1715இல் விழா இல்லையென்றதனால் குடிகள் வெளியேறினர். இன்று விழாக்காலம் பெருகியதனாலேயே குடிகள் வெளியேறுகின்றனர்.

பிற நகர்களின் பாடம்

இது புதுச்சேரிக்கு மட்டும் நேர்ந்ததன்று. வெனிசு நகரின் பழம்பகுதியில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. பார்சிலோனா மாநகராட்சி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் சுமார் 10,000 அடுக்கக வீடுகளின் உரிமங்களை 2028க்குப்பின் புதுப்பிப்பதில்லை என 2024இல் அறிவித்தது. தமிழர் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1999ஆம் ஆண்டோடு வாடகைக் கட்டுப்பாடு முடிவுற்றது. பழைய குடித்தனக்காரர் பலர் கடைவீடுகளை விட்டகன்றனர். 2008இல் அந்நகர் உலக மரபுச் சின்னமாயிற்று. அதற்குள் அம்மரபை வாழ்ந்துகாட்டியவருட் பலர் அங்கில்லை.

புதுச்சேரியிலும் நற்பணி நடந்துள்ளது. வைசியாள் வீதி என்னும் கலவை சுப்பராய செட்டி வீதியில், இன்டாக் நிறுவனமும் அரசும் ஐரோப்பிய உதவியோடு வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டன. உரிமையாளரும் செலவில் பங்கேற்றனர். அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்துவிழுந்த மேரி கட்டடமும் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். கலைந்த தெருவை அவ்வாறு எழுப்ப முடியாது.

நாம் செய்யத்தக்கவை

செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதி ஊர்களிலிருந்து கல்விக்கும் பணிக்கும் நகரங்களுக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. ஊர்த்தேர் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கப்படும் பூர்விக வீடுகள் நம்மிடமும் உள்ளன. பங்காளிகள் கூடும் அத்தேர்நாளே அவ்வீட்டைப் பற்றிப் பேசத்தக்க நாளுமாகும். பத்திரத்தையும் பட்டாவையும் மூத்தோர் இருக்கும்போதே ஒழுங்குசெய்துகொள்ளலாம். பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஊரிலுள்ள ஒரு குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கேனும் விட்டு, வாசலில் நாள்தோறும் விளக்கெரியச் செய்யலாம். நகரில் வீடுடையோர் ஒரு தளத்தையாவது குடும்பங்களுக்கு என்று ஒதுக்கலாம்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் வெளியேறியபோது அவர்களைத் திரும்ப அழைத்துவர ஓர் அரசு இறங்கிவந்தது. இன்று வெளியேறுவோர் ஓசையின்றி ஒவ்வொருவராகச் செல்கின்றனர். அழைத்துவர எவரும் செல்வதில்லை. பூட்டிய வீட்டைத் திறந்து குடிவைக்கும் பொறுப்பு இனி வீட்டுக்குரியவர் கையில்தான் உள்ளது.